வீட்டுக் காப்பீட்டு க்ளெய்ம்: நியாயமான தொகை வாங்க அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீ, புயல், குழாய் உடைப்பு, திருட்டு என ஏதோ ஒன்று நடந்து, க்ளெய்மும் கொடுத்து, கம்பெனி சொல்லும் தொகையைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று நிற்பவர்களுக்கான பக்கம் இது. விதிகள் நாட்டுக்கு நாடு, பாலிசிக்குப் பாலிசி மாறும். ஆனால் தொகை கணக்காகும் விதம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நியாயமான தொகை என்று எதைச் சொல்வது?

சேதத்துக்கு முந்தைய நாள் நீங்கள் இருந்த நிலைக்கு, பாலிசியின் வரம்புக்குள், உங்களைத் திரும்பக் கொண்டுவரும் தொகை. அதைவிட அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

"அதிகம் இல்லை" என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. இங்கிலாந்தில் 1883-ல் தீர்ப்பான காஸ்டெலேன் எதிர் பிரெஸ்டன். வீட்டை விற்க ஒப்பந்தம் போட்டிருந்தவருக்கு, கைமாறுவதற்கு முன்பே வீட்டில் தீ. காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்தது. பிறகு வாங்கியவரும் பேசிய விலையைக் குறைக்காமல் கொடுத்துவிட்டார். விற்றவருக்கு நஷ்டமே இல்லையே என்று நிறுவனம் வழக்குப் போட, அவர் பெற்ற காப்பீட்டுப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. காப்பீடு என்பது நஷ்டத்தை ஈடுகட்ட மட்டுமே என்ற கொள்கைக்கு இன்றும் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இந்தக் கொள்கை இரண்டு பக்கமும் வெட்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. லாபம் பார்க்கக் கூடாது என்றால், பாலிசி ஏற்றுக்கொண்ட நஷ்டத்தை உங்கள் தலையில் விட்டுவிட்டுப் போகவும் கூடாது.

கம்பெனி அந்தத் தொகைக்கு எப்படி வந்து சேர்கிறது?

முதலில் காரணம்: சேதத்தை உண்டாக்கியது பாலிசியில் உள்ள ஆபத்தா? அடுத்து அளவு: எத்தனை சதுர அடி சுவர், எத்தனை கதவு, எவ்வளவு வயரிங்? மூன்றாவது விலை: அந்த வேலையைச் செய்ய இப்போது என்ன ஆகும்? அதன்பிறகு கழிவுகள் வரும். தேய்மானம், குறைவாகக் காப்பீடு செய்ததற்கான வெட்டு, மீட்கப்பட்ட பொருளின் மதிப்பு, சேதத்தில் நீங்களே ஏற்க வேண்டிய முதல் பகுதி. கடைசியில், தனித்தனிப் பொருள்களுக்கான உச்சவரம்பு.

கையில் வருவது ஒரே ஒரு எண்தான். உள்ளே இத்தனை முடிவுகள் இருக்கின்றன. ஆகவே "தொகை குறைவு" என்று போனில் சண்டை போடுவதில் பயனில்லை. எந்தப் படியில் குறைந்தது என்று தெரிய வேண்டும். அதற்கு மதிப்பீட்டு அறிக்கையையும், வரி வரியாகக் கணக்குப் போட்ட தாளையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். குறை பெரும்பாலும் அளவிலும் கழிவிலும்தான் இருக்கும். எட்டு அடி உயரச் சுவருக்கு நான்கு அடி வரை மட்டும் பூச்சு வேலை கணக்கிட்டிருப்பார்கள், ஒரு அறையே விட்டுப்போயிருக்கும், இடிபாட்டை அள்ளும் செலவு இருக்காது. கணக்குத் தாளைப் பார்க்காமல் இதெல்லாம் தெரியவே தெரியாது.

சேதம் நடந்த உடனே என்ன செய்ய வேண்டும்?

ஆபத்து நீங்கியதும் படம் எடுங்கள். துடைப்பதற்கு முன், அள்ளுவதற்கு முன். முதலில் அறை முழுவதும் தெரியும்படி, அப்புறம் நெருக்கத்தில். தண்ணீர் புகுந்திருந்தால் சுவரில் அது நின்ற கோட்டை, பக்கத்தில் அளவு நாடாவை வைத்து எடுங்கள். உடைந்த குழாய்த் துண்டு, கருகிய சுவிட்ச், பிய்ந்த கூரைத் தகடு போன்றவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். காரணத்தை நிரூபிப்பவை அவைதான்.

சேதம் மேலும் பரவாமல் தடுப்பது உங்கள் கடமை என்று பெரும்பாலான பாலிசிகள் சொல்கின்றன. கூரையில் தார்ப்பாய் போடுவது, மெயின் வால்வை மூடுவது, ஈரத்தை உலர்த்துவது எல்லாம் அதில் சேரும். "சர்வேயர் (சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் ஆள்) வரும்வரை எதையும் தொடாதே" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். பாதிதான் சரி. தற்காலிகத் தடுப்பு வேலையைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். நிரந்தரப் பழுதுபார்ப்பைத்தான் தள்ளிவைக்க வேண்டும். தடுப்பு வேலைக்கான ரசீதுகளை வைத்திருங்கள், பொதுவாக அவையும் க்ளெய்மில் சேரும்.

கம்பெனிக்குத் தகவல் சொல்லும்போது நடந்ததை மட்டும் சொல்லுங்கள், காரணத்தை ஊகிக்காதீர்கள். "ரொம்ப நாளா கசிஞ்சிட்டிருந்துச்சு போல" என்று வாய்தவறிச் சொன்ன ஒரு வாக்கியம் பதிவேட்டில் ஏறி, பிற்பாடு நிராகரிப்புக் கடிதத்தில் உங்கள் வாக்குமூலமாகத் திரும்பி வரும்.

சர்வேயர் வரும்போது நான் கூட இருக்க வேண்டுமா?

கட்டாயம். அவருக்கு அது அன்றைக்குப் பார்க்க வேண்டிய பல வீடுகளில் ஒன்று. கண்ணில் பட்டதை எழுதுவார், படாததை எழுத மாட்டார். அறைவாரியாகச் சேதப் பட்டியலை முன்கூட்டியே எழுதி ஒரு பிரதி கொடுங்கள். பரணுக்குள், அலமாரிக்குப் பின்னால், தரைவிரிப்புக்குக் கீழே எல்லாம் காட்டுங்கள். முடிந்தால் உங்கள் கான்ட்ராக்டரையும் வரச் சொல்லுங்கள். பீமில் உள்ள விரிசல் மேலோட்டமானதா, உள்ளே போகிறதா என்பதை அவர்கள் இருவரும் அந்த இடத்திலேயே பேசிவிடுவது பின்னால் பத்துக் கடிதம் எழுதுவதைவிட மேல்.

அவர் போன பிறகு, என்னென்ன பார்த்தார், என்ன சொன்னார் என்று அன்றே சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மரியாதையாக எழுதுங்கள். அவர் உங்கள் எதிரி அல்ல. உங்கள் ஆளும் அல்ல.

தேய்மானம் என்று ஒரு பெரிய தொகையைக் கழித்துவிட்டார்கள். சரியா?

பாலிசி எந்த வகை என்பதைப் பொறுத்தது. இரண்டு வகை உண்டு. பழையதற்குப் பதில் புதியது வாங்க ஆகும் செலவைத் தருவது ஒன்று. சேதமான அன்றைய மதிப்பை மட்டும் தருவது இன்னொன்று. பத்து வருடம் உழைக்கக்கூடிய பொருள் நான்கு வருடம் ஆகியிருந்தால், இரண்டாவது வகையில் நாற்பது சதவீதம் போய்விடும்.

முதல் வகையில்கூடப் பல கம்பெனிகள் முதலில் தேய்மானம் கழித்த தொகையைக் கொடுத்து, வேலையை முடித்துப் பில் காட்டிய பிறகு மீதியைத் தருகின்றன. முதல் காசோலையையே முழுத்தொகை என்று நினைத்து மீதியைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் கெடுவும் இருக்கும், பாலிசியில் பாருங்கள்.

தேய்மானம் சரியாகவே பொருந்தும் பாலிசியிலும் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். ஒன்று, பொருளின் ஆயுளை எவ்வளவு என்று வைத்தார்கள்? நல்ல தேக்குக் கதவுக்கும் பெயின்ட்டுக்கும் ஒரே சதவீதம் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். இரண்டு, வயதை மட்டும் பார்த்தார்களா, நிலைமையையும் பார்த்தார்களா? பராமரித்த பொருள் மெதுவாகத்தான் தேயும். போன வருடம் சமையலறையைப் புதுப்பித்த ரசீது இருந்தால் அது இங்கேதான் கைகொடுக்கும். மூன்று, கூலி. உடைந்த டைல்ஸைப் பெயர்த்தெடுக்கும் ஆளின் உழைப்புக்குத் தேய்மானம் எங்கிருந்து வந்தது? கூலியிலும் கழிக்கலாமா என்பதில் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் நீதிமன்றங்களே மாறுபட்டிருக்கின்றன. பாலிசியில் அப்படி எழுதியிருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

சேதம் காப்பீட்டுத் தொகையைவிடக் குறைவுதான். அப்படியும் ஏன் வெட்டினார்கள்?

வீட்டைக் குறைந்த மதிப்புக்குக் காப்பீடு செய்திருப்பீர்கள். கட்ட 100 ஆகும் வீட்டை 60-க்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், 20 சேதமானாலும் அறுபது சதவீதம், அதாவது 12 மட்டுமே தருவது விகிதாசார விதி. மீதி நாற்பது சதவீதத்துக்கு நீங்களே காப்பீட்டாளர் என்பது அதன் தர்க்கம். கேட்கக் கடுப்பாகத்தான் இருக்கும், ஆனால் பல பாலிசிகளில் இது உண்டு.

எதிர்க்க வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. முதலில் இந்த விதி உங்கள் பாலிசியில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள், சில பாலிசிகள் இதைத் தள்ளுபடி செய்கின்றன. இருந்தால், அந்த 100 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஒப்பிட வேண்டியது மீண்டும் கட்டும் செலவோடு, வீட்டின் சந்தை விலையோடு அல்ல. சந்தை விலையில் மனையின் மதிப்பும் சேர்ந்திருக்கும். மனை எரிவதில்லை. மனையையும் சேர்த்து மதிப்பை ஏற்றிவிட்டால் உங்கள் விகிதம் அநியாயமாகக் குறையும்.

இன்னொரு நுணுக்கம்: நீங்கள் ஏற்க வேண்டிய முதல் பகுதி 2 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் போட்ட பிறகு அதைக் கழித்தால் கிடைப்பது 10. முதலில் கழித்துவிட்டு விகிதம் போட்டால் 10.8. எந்த வரிசை என்பது பாலிசியின் வாசகத்தில் இருக்கும்.

"இது படிப்படியாக வந்த சேதம், பாலிசியில் வராது" என்கிறார்கள். என்ன செய்வது?

வீட்டு க்ளெய்ம்களில் அதிகம் இழுபறியாகும் இடம் இதுதான். திடீரென்று நடந்தது வரும், மெல்ல மெல்ல நடந்தது வராது என்பது பொது வழக்கம். குழாய் வெடித்தால் வரும். வருடக்கணக்கில் ஒழுகியிருந்தால் வராது. ஆனால் சுவருக்குள் இருக்கும் குழாயில் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கலாம். உள்ளே துருப்பிடித்து மெலிந்த குழாய் ஒரு நாள் ராத்திரி பிளந்துகொள்ளும். குழாய் பழையது என்பதாலேயே வெள்ளமும் பழையது ஆகிவிடாது. குழாயை மாற்றும் செலவு வராமல் போகலாம், நனைந்த தரைக்கும் மரச்சாமானுக்கும் வரலாம். குழாயை அடைய சுவரை உடைத்து மூடும் செலவையும் சில பாலிசிகள் தருகின்றன. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள். மொத்தமாகக் கேட்டால் மொத்தமாக மறுப்பது எளிது.

புயலிலும் இதே கதை. 2005-ல் கத்ரினா புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் வளைகுடாக் கரையில் ஆயிரக்கணக்கான வீடுகள் அடித்தளம் மட்டும் மிஞ்சிய நிலையில் கிடந்தன. காற்று இடித்ததென்றால் சாதாரண வீட்டுப் பாலிசியில் பணம் உண்டு, வெள்ளம் இடித்ததென்றால் இல்லை. எது முதலில் வந்தது என்று வருடக்கணக்கில் வழக்குகள் நடந்தன. அப்படிப்பட்ட இடங்களில் பொறியாளர் அறிக்கை, அன்றைய வானிலைப் பதிவு, பக்கத்து வீட்டுக் கேமரா எல்லாம் சாட்சி.

யார் நிரூபிக்க வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள். சேதம் பாலிசிக்குள் வரும் என்று காட்டுவது பொதுவாக உங்கள் பொறுப்பு. விலக்கு விதி பொருந்துகிறது என்று காட்டுவது கம்பெனியின் பொறுப்பு. ஆகவே மறுத்தால், எந்த விதி, எந்த எண், எந்த ஆதாரம் என்று எழுத்தில் கேளுங்கள்.

நான்கு டைல்ஸ் உடைந்தது. அதே டிசைன் கிடைக்கவில்லை. முழுத் தரையையும் மாற்றித் தருவார்களா?

பாலிசியைப் பொறுத்தது. சிலவற்றில் பொருத்தம் பார்க்கும் விதி உண்டு, சிலவற்றில் "சேதமானதை மட்டும்" என்று வெளிப்படையாகவே இருக்கும். ஒன்றும் சொல்லாத பாலிசியில் பேச இடம் இருக்கிறது. அந்த டைல்ஸ் கடைகளில் இல்லை என்று விற்பனையாளரிடம் எழுதி வாங்குங்கள். முழு வீடு என்று கேட்காமல், கதவுப்படி வரை உள்ள ஒரே தொடர்ச்சியான தரை என்று கேட்டால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

பொருள்களுக்குப் பில் இல்லை. க்ளெய்ம் செய்ய முடியுமா?

முடியும். பில் ஒரு ஆதாரம், ஒரே ஆதாரம் அல்ல. வங்கிக் கணக்குப் பதிவு, ஆன்லைன் ஆர்டர் வரலாறு, வாரண்டி அட்டை, உபயோகக் கையேடு, வீட்டு விசேஷத்தில் எடுத்த படத்தின் பின்னணியில் தெரியும் டிவி எல்லாம் உதவும். படத்தில் நீங்கள் சிரிப்பதைப் பார்க்காதீர்கள், பின்னால் இருப்பதைப் பாருங்கள்.

பட்டியல் எழுதும்போது டிவி, ஃபிரிட்ஜ் என்று பெரியவற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு அறையாக, ஒவ்வொரு இழுப்பறையாக மனதில் நடந்து பாருங்கள். திரைச்சீலை, மெத்தை, பாத்திரம், புத்தகம், கருவிப்பெட்டி, செருப்பு. தீ விபத்தில் இந்தச் சில்லறைதான் கூட்டினால் மலைக்க வைக்கும். நகை, ரொக்கம், கலைப்பொருள் போன்றவற்றுக்குத் தனி வரம்பு இருக்கும் என்பதால் அவற்றில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

இல்லாததைச் சேர்க்கவே கூடாது. "எப்படியும் குறைப்பார்கள், கொஞ்சம் ஏற்றிச் சொல்வோம்" என்பது பரவலான அறிவுரை, மோசமான அறிவுரை. ஒரு பொருளில் பொய் பிடிபட்டால் முழு க்ளெய்மையும் மறுக்க இடம் தரும் விதி பல பாலிசிகளில் இருக்கிறது.

கம்பெனியே ஆள் அனுப்பிச் சரிசெய்கிறேன் என்கிறது. பணமாக வாங்குவது நல்லதா?

கம்பெனியின் ஆள் என்றால் வேலை சரியில்லாதபோது கம்பெனியையே கேட்கலாம், அது பெரிய நிம்மதி. உத்தரவாதக் காலத்தை எழுத்தில் வாங்குங்கள். பணமாக வாங்கினால் யாரை வைத்துச் செய்வது என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. மொத்தமாக வேலை கொடுப்பதால் கம்பெனிக்கு மலிவான விலை கிடைக்கும். அந்த விலையிலேயே உங்களுக்குப் பணம் கணக்கிட்டால், அதே விலைக்கு உங்களுக்கு ஆள் கிடைக்க மாட்டார். பணமாகத் தருவது அவர்கள் முடிவு என்றால், வெளியே உங்களுக்கு ஆகும் செலவுதான் அளவுகோல் என்று வாதிடுங்கள். கையில் இரண்டு மூன்று எஸ்டிமேட் இருக்கட்டும். "மொத்தம் இவ்வளவு" என்ற ஒற்றை வரி எஸ்டிமேட் எதற்கும் உதவாது. கம்பெனியின் கணக்குத் தாளில் உள்ள அதே வரிசையில், அளவும் விலையுமாகக் கேட்டு வாங்குங்கள்.

வேலை ஆரம்பித்த பிறகு உள்ளே இன்னும் சேதம் தெரிந்தால்?

வேலையை அந்த இடத்தில் நிறுத்துங்கள், படம் எடுங்கள், கம்பெனிக்கு எழுதுங்கள், பார்க்க வரச் சொல்லுங்கள். மூடிய பிறகு சொன்னால் நம்ப வைப்பது கஷ்டம். கூடுதல் தொகை கேட்பது சகஜமான நடைமுறைதான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

"முழுமையான இறுதித் தீர்வு" என்ற தாளில் கையெழுத்துப் போடலாமா?

தொகை உங்களுக்குச் சம்மதம் என்றால் போடுங்கள். இல்லையென்றால், தகராறு இல்லாத பகுதியை முதலில் கொடுங்கள், மீதியைப் பேசிக்கொள்வோம் என்று எழுதுங்கள். பகுதித் தொகையை வாங்கிக்கொள்வதும் உரிமையை விட்டுக்கொடுப்பதும் ஒன்றல்ல, ஆனால் அந்தத் தாளின் வாசகம் இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம். அவசரப்படுத்தினால் இன்னும் நிதானமாகப் படியுங்கள்.

ஆட்சேபணைக் கடிதத்தை எப்படி எழுதுவது?

கோபத்தைக் குறைத்து எண்களைக் கூட்டி எழுதுங்கள். கணக்குத் தாளின் வரி எண், அவர்கள் போட்டது, நீங்கள் சொல்வது, ஆதாரம் என்று நான்கு விவரம் போட்டால் போதும். "வரி 7: படுக்கையறைச் சுவர் 120 சதுர அடி என்று உள்ளது. அளந்தால் 310. படம் 4, கான்ட்ராக்டர் அளவு இணைப்பு 2." இப்படி வரும் கடிதத்துக்கு வரிவரியாகத்தான் பதில் சொல்ல முடியும். "இத்தனை வருஷம் பிரீமியம் கட்டியிருக்கிறேன்" என்ற வாக்கியம் வேண்டாம். உண்மைதான், ஆனால் ஒரு ரூபாயைக்கூட நகர்த்தாது. பதில் தர ஒரு தேதியைக் குறிப்பிடுங்கள். போனில் பேசியதையும் அன்றே எழுத்தில் உறுதி செய்யுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால்?

நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு முதல் படி. அதைத் தாண்டாமல் அடுத்த இடத்தில் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்தது ஓம்பட்ஸ்மேன், அதாவது நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் சுயேச்சையான அமைப்பு. இந்தியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இந்த அமைப்பு இருக்கிறது, புகார் செய்பவருக்குக் கட்டணம் இல்லை. கெடு முக்கியம்: பிரிட்டனில் நிறுவனத்தின் இறுதிப் பதிலிலிருந்து 6 மாதம், இந்தியாவில் நிராகரிப்பிலிருந்து ஒரு வருடம். அமெரிக்கப் பாலிசிகள் பலவற்றில் வேறொரு வழி உண்டு. இரு தரப்பும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை நியமிக்க, அவர்கள் இருவரும் ஒரு நடுவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூவரில் இருவர் ஒத்துக்கொள்ளும் தொகைதான் முடிவு. இது எவ்வளவு என்ற தகராறுக்குத்தான், பாலிசியில் வருமா வராதா என்ற தகராறுக்கு அல்ல.

நமக்காக வாதாடும் மதிப்பீட்டாளரையோ வக்கீலையோ வைத்துக்கொள்ள வேண்டுமா?

சின்ன க்ளெய்முக்கு வேண்டாம், அவர்கள் கட்டணத்திலேயே லாபம் கரைந்துவிடும். வீடு பெருமளவு அழிந்திருந்தாலோ, மோசடி என்று குற்றம் சாட்டியிருந்தாலோ, காரணம் பற்றிப் பொறியாளர்கள் மோதிக்கொண்டாலோ வையுங்கள். உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணம் கிடைக்கும் தொகையில் சதவீதம் என்றால், கம்பெனி ஏற்கெனவே தர ஒப்புக்கொண்ட தொகைக்கும் அது பொருந்துமா, அதற்கு மேல் கிடைப்பதற்கு மட்டுமா என்பதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். சேதம் நடந்த மறுநாளே வாசலில் வந்து நின்று கையெழுத்துக் கேட்பவர்களை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

வேறு இடத்தில் தங்கும் வாடகை கிடைக்குமா?

வீடு குடியிருக்க முடியாத நிலையில் இருந்தால் பல பாலிசிகளில் கிடைக்கும், கால வரம்போடும் தொகை வரம்போடும். வாடகை தவிர, வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆகும் போக்குவரத்து, சாப்பாட்டுச் செலவுகளும் சிலவற்றில் வரும். கூடுதல் என்பதுதான் அங்கே முக்கியம். வழக்கமாக எவ்வளவு ஆகும் என்பதையும் காட்ட வேண்டியிருக்கும்.

வீட்டுக் கடன் இருக்கிறது. பணம் யாருக்கு வரும்?

பாலிசியில் வங்கியின் பெயர் இருந்தால் காசோலை வங்கிக்கோ, இருவர் பெயரிலோ வரலாம். வேலை நடக்க நடக்கத் தவணையாக விடுவிப்பதும் உண்டு. கான்ட்ராக்டருக்கு முன்பணத் தேதி சொல்வதற்கு முன், வங்கியில் என்ன காகிதம் கேட்பார்கள், எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.